பொழுது இறங்கும் முன் ஒரு குழி

மருதாளுக்கு வலது முழங்கால் மடங்கவில்லை. இருபது வருஷம் ஓவர்லாக் மெஷினை மிதித்த கால். ராத்திரி முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து சம்பந்தியின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததில் விறகுக்கட்டையாய் விறைத்துப்போயிருந்தது. இரண்டு கையாலும் தொடையைத் தூக்கித்தான் அடுத்த படியில் வைத்தாள்.

மாடி அறையில் கெர்ஸி அசையாமல் கிடந்தார். ஜன்னலில் வெளிச்சம் வரும் நேரத்துக்கு மூச்சு நின்றுவிட்டது.

பம்பாயிலிருந்து இந்தச் சந்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மனிதர். பார்சிக்காரர். அவர் மகள் பெரின், மருதாளின் மகன் தரணீதரனைக் கட்டிக்கொண்டபோது முகம் கோணாமல் ஆசீர்வாதம் செய்தவர். ஆனால் போன வருஷம் அவருடைய மனைவி இறந்தபோது, வெளியாளைக் கட்டியவள் என்று சொல்லி அங்கே சிலர் பெரினைப் பெற்ற தாயின் பக்கத்தில் விடவில்லை. தூரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற கெர்ஸி, சடங்குகள் முடிந்த கையோடு பெட்டியைக் கட்டினார். ‘என் மகள் வந்து நிற்க முடிகிற இடத்தில்தான் நான் படுப்பேன்’ என்று பாதி இந்தியும் பாதித் தமிழுமாகச் சொல்லிக்கொண்டு திருப்பூரில் வந்து இறங்கினார்.

அவர் மருதாளிடம் கேட்டது இரண்டுதான். தீயில் வைக்கக் கூடாது. வெயில் இருக்கும்போதே முடிக்க வேண்டும்.

“அத்தை.” பெரின் வாசற்படியில் நின்றாள். அழுது முடித்த முகம். “கோமியம் கெடைக்குமுங்களா?”

“எதுக்கு கண்ணு?”

“அப்பாவைக் கழுவோணுமுங்க. மொதல்ல அது, அப்பறம் தண்ணி.”

மருதாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பம்பாய் மாடிவீட்டுக்காரர்கள், இங்கிலீஷில் தும்முகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த கூட்டம். “அட, இது நம்மூட்டு வழக்கமல்ல?” என்று சொல்லிக்கொண்டே பக்கத்துச் சந்தில் மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு ஆளை அனுப்பினாள்.

கீழ்த்தளத்தில் இருந்த தங்கள் பனியன் கம்பெனியை நிறுத்தியாயிற்று. அயர்ன் மாஸ்டர் அழகுமலையும் ஒரு டெய்லரும் மேலே வந்தார்கள். ஒற்றை ஆளாகப் பிணத்தைத் தொடக் கூடாது, இரண்டு இரண்டு பேராகத்தான் தொட வேண்டும் என்று பெரின் சொன்னாள்.

“நீங்க எப்படிச் சொல்லுதியளோ அப்படியே செய்யுதோம்க்கா” என்றான் அழகுமலை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். தலைமாட்டில் விளக்கை ஏற்றிவிட்டுத் தீக்குச்சியை வாயால் ஊதப் போனவனின் கையைப் பெரின் சட்டென்று பிடித்தாள். “ஊதக் கூடாதுங்கண்ணா. எச்சில் மூச்சு தீ மேல படக் கூடாது.” அவன் குச்சி தானாக அணையும்வரை விரல் சுடச் சுடப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கழுவி முடித்ததும் பெரின் பெட்டியிலிருந்து பழைய வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்தாள். மெல்லிசுத் துணி. துவைத்துத் துவைத்து மேலும் மெலிந்தது. அவர்கள் ஆணும் பெண்ணும் உள்ளே போட்டுக்கொள்வது.

அந்த மாதிரிச் சட்டையை மருதாள் முதலில் பார்த்தது பெரின் மருமகளாக வந்த புதிதில், கொடியில். கழுத்துக்குக் கீழே ஒரு குட்டிப் பை, ரெண்டு விரல்கூட நுழையாது. செக்கிங் செய்து பழகிய கண்ணுக்கு அது டெய்லர் விட்ட தப்பாகத்தான் பட்டது. பிளேடை எடுத்து நூல் நூலாகப் பிரித்து, பையை எடுத்துவிட்டு, சுத்தமாக மடித்து வைத்தாள். அன்றைக்குப் பெரின் சாப்பிடவில்லை. மறுநாள்தான் வாயைத் திறந்தாள். “செய்யற நல்ல காரியத்தை அதுல சேத்து வெக்கோணுமுங்க அத்தை.”

“பை இத்தனூண்டு இருக்குதே?”

“அதையே ரொப்ப முடியலீங்களே.”

இப்போது அந்தச் சட்டையை அப்பாவுக்குப் போட்டுவிட்டு, கம்பளி நூலில் நெய்த கயிற்றை இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். உதடு மட்டும் அசைந்தது. ‘அஷெம் வோஹூ’ என்று ஆரம்பிக்கும் மந்திரம். மருதாளுக்கு அந்த ரெண்டு சொல்தான் பிடிபடும். மந்திரம் சொல்ல குரு ஒருவர் இருக்க வேண்டுமாம். மெட்ராஸிலிருந்து அவர் வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். அதனால் மகளே சொன்னாள்.

“அத்தை, இப்ப நாய் வரோணுமுங்க.”

“என்னது?”

“நாய் வந்து அப்பா மொகத்தைப் பாக்கோணும். பாத்தாத்தான் உயிர் போயிருச்சுன்னு கணக்கு. கெட்டது எதுவும் ஒடம்பை அண்டாது. கண்ணுக்கு மேல ரெண்டு புள்ளி இருந்தா ரொம்ப விசேஷமுங்க. நாலு கண்ணு நாய்ம்பாங்க.”

கம்பெனியில் ஒரு நாய் இருந்தது. கட்டிங் வேஸ்ட் மூட்டை மேலேயே படுத்துக்கிடப்பதால் பையன்கள் அதற்கு ‘வேஸ்ட்டு’ என்று பேர் வைத்திருந்தார்கள். வெள்ளை உடம்பு. இரண்டு கண்ணுக்கும் மேலே பொட்டு வைத்ததுபோல் பழுப்புப் புள்ளி. பெரின் படியில் நின்று அதைக் கூப்பிட்டாள்.

“வேஸ்ட்டு, வாங்க. மேல வாங்க.”

இந்த ஊருக்கு வந்து தமிழ் பழகியவள். எல்லோரிடமும் ‘ங்க’ போட்டுத்தான் பேச வேண்டும் என்று மாமியார் சொல்லிக்கொடுத்ததை நாய் வரைக்கும் கடைப்பிடித்தாள். வேஸ்ட்டும் வாலை ஆட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறியது.

அந்த நேரம் பார்த்துத்தான் மூலனூரிலிருந்து பஸ் பிடித்து நாத்தனார் சாமியாத்தாள் வந்து சேர்ந்தாள். பிணம் கிடக்கிற அறைக்குள் நாய் மூக்கை நீட்டுவதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த வேகத்தில் வாசலில் கிடந்த விளக்குமாறு கைக்கு ஏறிவிட்டது.

“சீ! எழவு ஊட்டுல நாயை உட்டுப்போட்டு என்ன புள்ள பாத்துட்டு நிக்கறீங்க?”

ஒரே அடி. வேஸ்ட்டு கத்திக்கொண்டு படியில் உருண்டு சந்தில் ஓடி மறைந்தது.

பெரின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன மருதா, நான் தப்பாப் பண்ணிப்போட்டேனா?” என்றாள் சாமியாத்தாள்.

“உங்களை யாருங்க அடிக்கச் சொன்னது? நாயை வரச் சொன்னதே நாங்கதானுங்க!” என்றாள் மருதாள்.

விறைத்த காலை இழுத்துக்கொண்டு மருதாள் கீழே இறங்கினாள். டீக்கடையில் ஒரு பன் வாங்கிக்கொண்டு சந்து முழுக்கத் தேடினாள். இதே நாயின் மேல் எத்தனை தடவை சுடுதண்ணீர் ஊற்றுகிறேன் என்று மிரட்டியிருக்கிறாள். சாயப்பட்டறைச் சுவரோரம், பழைய லாரிக்கு அடியில் அது ஒண்டிக்கிடந்தது. உதட்டைத் தூக்கி உறுமியது.

“வா சாமி. தெரியாம அடிச்சுப்போட்டாங்க. உன்னாலதான் சாமி ஒரு காரியம் ஆகோணும்.”

நாயிடம் கெஞ்சுவதைப் பார்த்து டீக்கடையில் இருந்த இந்திக்காரப் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மடங்காத காலை நீட்டிக்கொண்டு அவள் அந்தச் சாக்கடையோரம் தரையில் உட்கார்ந்து, பன்னைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். கடைசித் துண்டு தீர்ந்தபோது நாய் பின்னாலேயே வந்தது.

அறைக்குள் வந்து, கெர்ஸியின் முகத்தைச் சும்மா பார்த்தது. குரைக்கவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படியில் படுத்துக்கொண்டது. பெரின் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

“வைரவன் வாகனந்தானே” என்று சாமியாத்தாள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். “முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் அடிக்கறேன்?”

உச்சி வெயிலுக்கு வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து இறங்கியவர் மணியன், மருதாளின் கொழுந்தனார். அண்ணன் தனபால் செத்த பிறகு இந்த வீட்டின் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர். வெள்ளை வேட்டி. தோளில் மாலை. யாரும் கேட்காமலேயே எல்லா ஏற்பாட்டையும் முடித்துவிட்ட பெருமை முகத்தில்.

“மயானத்துல சொல்லியாச்சுங்க நங்கையா” என்றார் அண்ணியிடம். “ ரெண்டு மணிக்கு நம்மளது.”

மருதாள் ஊர்தியின் முன்னால் வந்து நின்றாள். “மயானமா? தீ வேண்டாம்னு உங்ககிட்டப் படிச்சுப் படிச்சு சொன்னேனுங்களே தம்பி!”

“கட்டை வேண்டாம்னுதானே சொன்னீங்க? அதான் கேஸுல சொல்லியிருக்கேன். பொட்டியை உள்ள தள்ளிக் கதவைச் சாத்துனா முடிஞ்சுது. தீயே கண்ணுல படாதுங்க.”

அவர் நிஜமாகவே அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார். பம்பாய் ஆளுக்கு விறகும் புகையும் அருவருப்பு, கேஸ் என்றால் நாகரிகம்.

பெரின் படியிறங்கி வந்தாள். “மாமா, கேஸா இருந்தாலும் தீதானுங்க.”

“ஏம்மா, உங்க ஆளுக தீயைக் கும்பிடறவங்கன்னுதானே சொல்றாங்க? கும்பிடற சாமிகிட்ட ஒப்படைக்கறதுல என்ன கொறை?”

“கும்பிடற சாமி மேல பொணத்தைப் போடுவீங்களா மாமா? உங்க கோயில் கருவறையில கொண்டுபோய் வெப்பீங்களா?”

சந்தில் நின்றிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள்.

“தீ எங்களுக்கு சாமியோட வெளிச்சமுங்க. அதுக்கு முன்னாடி நின்னுதான் கும்பிடறோம். அதை அழுக்காக்கக் கூடாது.”

“அழுக்கா?” மணியனின் குரல் இறங்கியது. இறங்கினால்தான் பயப்பட வேண்டும் என்று மருதாளுக்குத் தெரியும். “எங்கண்ணனைத் தீயிலதான் வெச்சோம். சாம்பலை இந்தக் கையாலதான் பவானியில கரைச்சேன். அது அழுக்குங்கறயா?”

“உங்களுக்கு அது சரிங்க மாமா. நான் ஒண்ணும் சொல்லலீங்க. எங்கப்பாவுக்கு இதுதான் சரி.”

“பம்பாயில கழுகுக்குப் போடுவாங்களாமே” என்று கூட்டத்தில் யாரோ ஒருவன் சொன்னான். “நம்மூர்ல காக்காதான் இருக்கு.” ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியில் செத்தது. பெரின் அந்தப் பக்கம் திரும்பினாள்.

“ஆமாங்க, போடுவாங்க. செத்த பொறகும் ஒரு ஜீவனுக்குச் சோறாகட்டும்னுதான். அதுல சிரிக்கறதுக்கு என்னங்க இருக்கு?”

ஊர்திக்காரன் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினான். “ஏனுங்க, இன்ஜினை ஆஃப் பண்ணட்டுங்களா?”

போன் அடித்தது. தரணீதரன். தூத்துக்குடி ஹார்பரில் கன்டெய்னர் ஏற்றப் போனவன், செய்தி பிந்திக் கிடைத்து இப்போதுதான் காரில் கிளம்பியிருந்தான்.

“அம்மா, பொழுதுக்குள்ள வந்து சேர முடியாது. ஃப்ரீசர் பொட்டி வெச்சு நாளைக்குப் பாத்துக்கலாமா?”

பெரின் போனை வாங்கினாள். “வேண்டாமுங்க. வெச்சிருக்கக் கூடாது. நீங்க பதறாம வாங்க.”

மருதாளுக்கும் நாளை என்பது பிடிக்கவில்லை, வேறு காரணத்துக்காக. ஒரு ராத்திரி கிடைத்தால் பங்காளிகள் பத்துப் பேர் கூடுவார்கள். ஊரோடு ஒத்துப் போகச் சொல்வார்கள். தரணி நல்ல பையன், பெரியவர்கள் முன்னால் வாய் திறக்க மாட்டான். விடியும்போது பிணம் வண்டியில் இருக்கும்.

ஆனால் இன்றைக்கே எங்கே புதைப்பது? திருப்பூரைச் சுற்றி இடுகாட்டுக்கா பஞ்சம்? ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதி இருந்தது, ஒரு மதம் இருந்தது. சம்பந்தியை எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது?

இருப்பது ஓர் இடம். பொங்கலூர்க் காடு. தனபாலும் மணியனும் பிரித்துக்கொள்ளாத விவசாய பூமி. மணியன் சம்மதிக்காமல் அங்கே ஒரு மண்வெட்டி விழாது.

“தம்பி, உள்ள வாங்க. பேசோணும்.”

கம்பெனிக்குள் மெஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. மணியன் உட்காரவில்லை.

“கேக்கறது என்னன்னு தெரியுமுங்க நங்கையா. நம்ம காடு.”

“கெணத்து மேட்டுக்கு அக்கட்டால, வெள்ளாமை இல்லாத எடமுங்க. ஒரு ஆள் படுக்கற எடம்.”

“என்ன எடம்கறது பெருசில்ல. நாளைக்கு ஊருக்குள்ள என்னைக் கேப்பாங்க. யாரு செத்தா உங்க காட்டுல பொதைச்சீங்கன்னு.”

“எம்மட சம்பந்தின்னு சொல்லுங்க.”

“சம்பந்தி.” மணியன் ஒரு மெஷினின் வீலை விரலால் சுற்றினார். “சம்பந்தம் எங்கீங்க இருக்குது? அண்ணன் பேத்திக்கு ஏழு வயசாச்சு. முடி எடுக்கல. காது குத்தல. குலதெய்வக் கோயில்ல வருஷா வருஷம் என்னைத்தான் கேக்கறாங்க. யாழினி எந்தக் கூட்டத்துப் புள்ளைன்னு. நான் தலையைக் குனிஞ்சுட்டு வர்றேன்.”

மருதாள் கட்டிங் டேபிளில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“வர்ற சித்திரையில முடி எடுத்து, காது குத்தி, நம்ம கூட்டத்துப் புள்ளைன்னு ஊரறியச் சொல்லோணும். அதுக்கப்பறம் அவங்க கயிறு அது இதுன்னு புள்ளைக்கு எதையும் கட்டப்படாது. நீங்க வார்த்தை குடுங்க. குழியை நானே வெட்டறேன்.”

“பெத்தவளைக் கேக்காம…”

“பெத்தவ அவளோட அய்யனுக்கு எடம் கேக்கறா. நான் அண்ணன் வம்சத்தைக் கேக்கறேன். ரெண்டும் ஒண்ணுதானுங்க.” அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்துத்தான் மருதாளுக்குப் பயமாக இருந்தது. மிரட்டுகிற ஆளாக இருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

வெளியே ஊர்தியின் இன்ஜின் உறுமிக்கொண்டேயிருந்தது. ஜன்னல் வழியே விழுந்த வெயில் கட்டிங் டேபிளைத் தாண்டிச் சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது.

“சரிங்க” என்றாள் மருதாள்.

“என்ற தலை மேல அடிச்சுச் சொல்லுங்க.”

சொன்னாள்.

மணியன் வெளியே போய் மாலையை ஊர்திக்காரனிடம் கொடுத்தார். “மயானம் வேண்டாம். வண்டியைப் பொங்கலூருக்கு விடுப்பா.” பெரினைப் பார்த்து, “அம்மிணி, குழிக்கு வேற என்ன வேணும், சொல்லு” என்றார்.

“ஒடம்பு மண்ணு மேல நேராப் படக் கூடாதுங்க மாமா. கல்லு வேணும்.”

“பழைய பலகைக்கல்லு கெடக்குது. பாத்துக்கலாம்.”

பைக்கில் முன்னாலேயே போய், சொன்னபடியே செய்தார். ஊர்தி போய்ச் சேர்ந்தபோது அவரும் இரண்டு ஆட்களும் முழங்கால் ஆழம் வெட்டியிருந்தார்கள். பாறைப் பூமி. கடப்பாரை பட்டுப் பொறி பறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேர்வை மண்ணில் சொட்ட, ஆழம் வந்ததும் அவரே குழிக்குள் இறங்கிக் கல்லை அடுக்கினார். பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் வரப்பில் நின்று, “இது என்ன மணியா, புதுப் பழக்கம்?” என்று கேட்டபோது, “எங்க சம்பந்தி. எங்க காடு. உனக்கென்ன?” என்றார்.

காட்டுப் பாதையில் வண்டி போகாது. அழகுமலையும் டெய்லர்களும் தூக்கினார்கள். பின்னால் வருகிறவர்கள் இரண்டு இரண்டு பேராக, நடுவில் ஒரு வெள்ளைத் துணியை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்றாள் பெரின். சாவுக்கு முன்னால் யாரும் தனியாக இருக்கக் கூடாதாம். அத்தனை வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? மருதாள் கம்பெனியிலிருந்து பனியன் கட் பீஸ் ஒரு கட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

பெரினும் மருதாளும் ஒரு துண்டைப் பிடித்தார்கள். குழியிலிருந்து ஏறி வந்த மணியனுக்கு ஜோடி இல்லை. பேத்தி யாழினி ஓடிப்போய் அவரிடம் ஒரு முனையை நீட்டினாள்.

“தாத்தா, கடைசி வரைக்கும் விடக் கூடாதுங்க.”

“உடமாட்டேன் கண்ணு” என்றார் மணியன். சொல்லும்போது குழந்தையைப் பார்க்கவில்லை. மருதாளைப் பார்த்தார்.

மேற்கே பனைமரத் தலைகளில் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. கெர்ஸியைக் கல்லின் மேல் இறக்கினார்கள். பெரின் குழியின் விளிம்பில் நின்றாள். ஒருவரும் அவளைத் தள்ளிப் போகச் சொல்லவில்லை. கை எட்டும் தூரத்தில் நின்று, சத்தமாக, கொஞ்சம்கூடத் தடுமாறாமல் மந்திரத்தைச் சொல்லி முடித்தாள். மேலேயும் பலகைக்கல்லை மூடி மண் தள்ளினார்கள். கடைசிக் கூடை விழுந்தபோது ஆட்களின் நிழல் இன்னும் தரையில் இருந்தது.

எல்லோரும் கிணற்றடிக்குப் போனார்கள். மணியன் கைகால் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு மருதாளிடம் வந்தார்.

“என்ற வார்த்தையைக் காப்பாத்திப்போட்டேனுங்க நங்கையா.” வேறொன்றும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெரின் வரப்பில் மருதாளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நாலாம் நாள் விடியறப்ப அப்பா மேலோகத்துக்குப் போற பாலத்தைத் தாண்டுவாருங்க அத்தை. செஞ்ச நல்லதுக்குத் தக்க பாலம் அகலமாகுமாம். இன்னிக்கு நீங்க செஞ்சதையும் அவரு கணக்குல சேத்துக்குவாங்க.”

மருதாள் உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரினே தொடர்ந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. வெளியாளைக் கட்டுனவ புள்ளைன்னு, யாழினியை எங்க மதத்துல சேத்துக் கயிறு கட்டிவிட எங்க குருமாருங்க ஒருத்தரும் ஒத்துக்கல. பூனாவுல ஒரு பெரியவரு மட்டும் சரின்னுட்டாரு. அப்பா படுத்த படுக்கையா இருந்தே பேசி முடிச்சாருங்க. பங்குனியில வர்றாரு. வெள்ளைச் சட்டை போட்டு, இடுப்புல கயிறு கட்டி… அவளும் ஆசையா மந்திரம் படிக்கறா.” பெரின் மருதாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை ஒத்துக்குவாங்களான்னு அப்பா கேட்டாரு. நீங்க வேண்டாம்னு சொல்லவே மாட்டீங்கன்னு நான் சத்தியம் பண்ணினேனுங்க.”

மருதாள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இந்தக் குழிக்கு விலையாகப் பேத்தியின் தலைமுடியையும் இரண்டு காதையும் குலத்தையும் மணியனுக்குத் தருவதாக அவர் தலைமேல் அடித்துச் சொல்லியிருக்கிறாள், பிள்ளையைப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். மணியன் தன் பங்கைக் கொடுத்துவிட்டார். மருதாள் கொடுக்க வேண்டியது அப்படியே பாக்கி நிற்கிறது.